10,800 டாலரில் ஒரு பாடநூல்: ஜார்ஜியா பல்கலைக்கழக அமைப்பின் மானியத் திட்டம் – நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தொழில்நுட்பக் கல்லூரிகள் நீங்கலாக, அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. யூனிவர்சிட்டி சிஸ்டம் ஆஃப் ஜார்ஜியா என்று அதற்குப் பெயர். ஏதென்ஸில் இருக்கும் பழம்பெரும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கும் அதில் அடக்கம். பெயர் அதிகம் வெளியே தெரியாத சின்ன ஊர்க் கல்லூரிகளும் அடக்கம். எல்லாம் சேர்ந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். இந்த அமைப்பு 2014இல் தன் ஆசிரியர்களுக்கு ஒரு மானியத்தை அறிவித்தது. கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டிய பாடநூலைக் கைவிட்டு, இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய பாடப்பொருளை உங்கள் வகுப்புக்குத் தயார் செய்யுங்கள், அதற்கு ஆகும் நேரத்துக்கு நாங்கள் பணம் தருகிறோம் என்பதுதான் விஷயம். திட்டத்தின் பெயர் அஃபோர்டபிள் லேர்னிங் ஜார்ஜியா. மானியத்துக்கு டெக்ஸ்ட்புக் டிரான்ஸ்ஃபர்மேஷன் கிராண்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இப்படி ஆசிரியருக்குச் சின்னத் தொகை கொடுத்துப் பாடப்பொருள் உருவாக்கச் சொல்லும் யோசனையை ஜார்ஜியா கண்டுபிடிக்கவில்லை. பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழக நூலகமும், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகமும் அதற்கு முன்பே ஆளுக்கு 1,000 டாலர் என்ற அளவில் செய்து பார்த்தவை. ஆம்ஹர்ஸ்டில் 2011இல் முதல் சுற்றுக்குச் செலவிட்டது 10,000 டாலர். அடுத்த கல்வியாண்டில் மாணவர்களுக்கு மிச்சமானது 72,000 டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கு நூலகர்கள் மத்தியில் வேகமாகப் பரவியது. ஆனால் அவை ஒரு வளாகத்துக்குள் நடந்த முயற்சிகள். ஜார்ஜியா அதையே ஒரு மாநிலம் முழுக்க, சுற்றுச் சுற்றாக, ஆண்டுக்கணக்கில் நடத்தியது. அதோடு விண்ணப்பங்களையும் இறுதி அறிக்கைகளையும் பொதுவில் வைத்தது. என்ன செய்கிறேன் என்று ஓர் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததையும், ஓராண்டு கழித்து என்ன ஆயிற்று என்று அவரே எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். மானியத் திட்டங்களில் இது அபூர்வம். இந்த ஆய்வுக்கு ஜார்ஜியாவை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் ஓடியதற்குப் பணத்தைவிட விண்ணப்பப் படிவம்தான் பெரிய காரணம். இடறியது பராமரிப்பில். புத்தகம் எழுதக் காசு இருந்தது. எழுதிய புத்தகத்தை ஐந்தாம் வருடம் யார் திருத்துவது என்பதற்கு வெகுநாள் பதில் இல்லை.

விலை எப்படிப் பிரச்சினை ஆனது

அமெரிக்கக் கல்லூரிப் பாடநூல் சந்தையில் ஒரு வினோதம் உண்டு. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர்; காசு கொடுப்பவர் மாணவர். பதிப்பகம் பேராசிரியருக்கு மாதிரிப் பிரதியை இலவசமாக அனுப்பிவிடும், அதனால் விலை அவர் கண்ணிலேயே படாமல் போய்விடலாம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது செல்லாக்காசாகிவிடும். 2002 முதல் 2012 வரை புதுப் பாடநூல்களின் விலை 82 சதவீதம் ஏறியதாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013இல் அறிக்கை தந்தது. அதே காலத்தில் பொதுவான விலைவாசி ஏறியது 28 சதவீதம்தான். 2014 ஜனவரியில் மாணவர் நலக் குழு ஒன்று வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 65 சதவீதம் பேர், விலை அதிகம் என்பதால் ஏதாவது ஒரு பாடநூலை வாங்காமலே விட்டதாகச் சொன்னார்கள்.

ஜார்ஜியாவுக்கு இதில் தனிக்கதை ஒன்று இருக்கிறது. 1993 முதல் அங்கே ஹோப் உதவித்தொகை உண்டு. லாட்டரி வருமானத்தில், நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர்களின் கல்விக் கட்டணத்தை மாநிலமே கட்டிவிடும். கூடவே புத்தகத்துக்கு என்று செமஸ்டருக்கு 150 டாலர் கிடைத்தது. லாட்டரிப் பணம் பற்றாமல் போனபோது, 2011இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் புத்தகப் பணத்தை எடுத்துவிட்டார்கள். 150 டாலரில் ஒரு புத்தகம்கூட முழுசாக வராது என்பது வேறு விஷயம். ஆனால் இருந்தது போயிற்று. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில், மாணவரிடம் பணம் கொடுப்பதற்குப் பதில் புத்தகத்தின் விலையையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பல்கலைக்கழக அமைப்பு யோசிக்கத் தொடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் கைகொடுத்தது. கலிலியோ என்ற மாநில அளவிலான மின்னூலக வலை ஜார்ஜியாவில் 1995 முதல் இருக்கிறது. எல்லா வளாக நூலகர்களும் அதன் வழியாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். மானியத் திட்டத்தை அந்தக் கலிலியோவின் கீழேயே வைத்தார்கள். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை.

படிவம்

மானிய அறிவிப்பைப் பார்த்தால் கணக்கு எளிது. குழுவில் ஒருவருக்கு அதிகபட்சம் 5,000 டாலர். பயணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 800. இரண்டு பேர் கொண்ட சின்னக் குழுவுக்கு ஆக மொத்தம் 10,800. நிறைய மாணவர்கள் சேரும் பாடங்களில் துறை முழுக்க மாற்றுவதாக இருந்தால் 30,000 வரை போகலாம். பணம் நேரே ஆசிரியர் கைக்கு வராது. கல்லூரிக்குப் போகும், கல்லூரி அதைக் கூடுதல் ஊதியமாகத் தரலாம், அல்லது ஒரு செமஸ்டருக்கு ஒரு வகுப்பைக் குறைத்து அந்த வகுப்பை எடுக்க வேறு ஆளை அமர்த்தலாம். பாதி தொடக்கத்தில், மீதி இறுதி அறிக்கை வந்த பிறகு.

படிவத்துக்கு வருவோம். முதல் பக்கத்திலேயே கேட்பது, இப்போது நடத்தும் பாடநூலின் பெயர், அதன் விலை, புத்தகம் கட்டாயமா விருப்பமா, ஒவ்வொரு செமஸ்டருக்கும் எத்தனை பிரிவு, எத்தனை மாணவர். இவற்றைப் பெருக்கினால், இந்த ஒரு பாடத்துக்காக உங்கள் மாணவர்கள் வருடத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற தொகை வரும். அதற்குக் கீழே, மாற்றத்துக்குப் பிறகு ஒரு மாணவருக்கு ஆகும் செலவு. வித்தியாசம் எவ்வளவு என்று ஆசிரியர் தன் கையாலேயே எழுத வேண்டும்.

இதைப் படிக்கும்போது சாதாரண அலுவலகக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 டாலர் புத்தகம், வருடத்துக்கு 400 மாணவர்: 60,000 டாலர். அந்த நான்கு கட்டங்களை நிரப்பி முடிக்கும்போது, தன் தேர்வு எத்தனை பேரின் பையில் கை வைக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. துறைத்தலைவர் கையெழுத்துப் போடும்போது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. பிரசாரம் செய்து, கருத்தரங்கு வைத்துப் புரியவைக்க வேண்டியதைப் படிவமே செய்துவிட்டது.

அடுத்து, குழுவில் யார் யார் என்ன வேலை என்ற பகுதி. பாடம் தெரிந்த ஆசிரியர், பாட வடிவமைப்பாளர், நூலகர் என்று தனித்தனியாகப் பொறுப்பு எழுதச் சொன்னார்கள். தனி ஆளாக இரவு பகல் உட்கார்ந்து எழுதி, செமஸ்டர் நடுவில் கைவிடும் கதை எல்லா ஊரிலும் நடப்பது. நூலகர் குழுவுக்குள் வந்ததும் இரண்டு காரியம் நடந்தன. புதிதாக எழுதுவதற்கு முன் ஏற்கெனவே இருப்பதைத் தேட ஒருவர் கிடைத்தார். படம், வரைபடம், கட்டுரை என்று எதை எடுத்தாலும் உரிமம் பார்க்கவும் ஒருவர் கிடைத்தார். புதிதாக உருவாக்குவதைத் திறந்த உரிமத்தில், பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் உரிமத்தில், வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. வேறொரு கல்லூரி ஆசிரியர் அதை அப்படியே எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், பெயர் மட்டும் சொன்னால் போதும்.

பிறகு, எப்படி அளப்பீர்கள் என்ற கேள்வி. மாணவர் கருத்துக்கணிப்பு, மதிப்பெண் ஒப்பீடு, டி (மிகக் குறைந்த மதிப்பெண்), எஃப் (தோல்வி) வாங்கியவர்களும் பாடத்தைப் பாதியில் விட்டவர்களும் எத்தனை சதவீதம் என்ற எண். கடைசியில் சொன்ன அந்த எண்ணை டி-எஃப்-டபிள்யூ விகிதம் என்பார்கள். கடைசியில், இந்த மாற்றம் மானியக் காலத்துக்குப் பிறகும் எப்படித் தொடரும் என்று ஒரு பகுதி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இறுதி அறிக்கையில் ஒரு வேடிக்கையும் உண்டு. குழுவினரின் புகைப்படம் இணைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதச் சொன்னார்கள். நம் ஊர்ப் பள்ளி ஆண்டு மலரில் வருமே, அதே மாதிரி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், மாநில நிர்வாகக் குழுவுக்கும் சட்டமன்றத்துக்கும் எடுத்துக்காட்ட முகங்கள் வேண்டும்தானே.

தயாரான பொருள்

இணையப் பாடப்பொருள் என்றதும் காணொளியும் அசைவூட்டமும்தான் நினைவுக்கு வரும். ஜார்ஜியாவில் கிடைத்ததில் பெரும்பகுதி அப்படிப் பளபளப்பானது கிடையாது. ஏராளமான குழுக்கள் செய்தது ஒரு லிப்கைடு பக்கம். நூலகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எளிய வலைப்பக்கக் கருவி அது. வாரம் 1, வாரம் 2 என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் படிக்க வேண்டிய இலவசக் கட்டுரை, நூலகச் சந்தாவில் கிடைக்கும் ஆய்வுக்கட்டுரை, ஒரு யூடியூப் காணொளி, ஆசிரியரின் குறிப்பு. அவ்வளவுதான். சில குழுக்கள் இதையே கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஜார்ஜியாவியூ கற்றல் தளத்துக்குள் வைத்தன.

இரண்டாவது வகை, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் நூல்களை எடுத்துக்கொள்வது. 2012இல் இயற்பியலும் சமூகவியலுமாகத் தொடங்கிய அந்த வரிசை, அறிமுகப் பாடங்களுக்கு முழு நூலாகவே கிடைக்கிறது. ஜார்ஜியா மானியத்தில் இதற்குத் தனிப்பிரிவே வைத்திருந்தார்கள். கையில் இருக்கும் இலவசப் புத்தகத்தை எடுத்துக்கொள்ள எதற்கு 5,000 டாலர் என்று கேட்கலாம். பாடத்திட்டத்தை அத்தியாய வரிசைக்கு மாற்றவும், தேர்வு வினாக்களைப் புதிதாக எழுதவும், செய்முறைகளைப் பொருத்தவும் ஒரு முழுக் கோடை விடுமுறை போய்விடும். செமஸ்டருக்கு நான்கு ஐந்து வகுப்பு எடுக்கும் ஆசிரியரிடம் அந்த நேரம் கிடையாது. மானியம் வாங்கிக் கொடுத்தது அந்தக் கோடையை.

மூன்றாவது வகை புதிதாக நூல் எழுதுவது. இதில் நார்த் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பதிப்பகம் நல்ல துணையாக இருந்தது. 2016இல் அங்கிருந்து வந்த 'இன்ட்ரொடக்ஷன் டு ஆர்ட்: டிசைன், கான்டெக்ஸ்ட், அண்ட் மீனிங்' என்ற நூலை எடுத்துக்கொள்வோம். பமெலா சாஷன்ட், பெக்கி பிளட், ஜெஃப்ரி லெமியூ, ரீட்டா டெகிப்பி என நான்கு ஆசிரியர்கள் எழுதியது. ஒரே துறையில் அடுத்தடுத்த அறையில் இருந்தவர்கள் இல்லை, வெவ்வேறு கல்லூரிக்காரர்கள்.

கலை அறிமுகப் பாடத்துக்கு இலவச நூல் என்பது சொல்ல எளிது. ஓவியத்தைக் காட்டாமல் ஓவியம் கற்பிக்க முடியாது. 2016இல் அமெரிக்காவில் 1923க்கு முன் வெளியானவைதான் சந்தேகமில்லாமல் பதிப்புரிமை முடிந்தவை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிந்தியவற்றில் பெரும்பகுதிக்கு உரிமை யாரிடம் என்று தேட வேண்டும், அல்லது அனுமதி இல்லாமலே எடுத்தாள இடம் தரும் நியாயமான பயன்பாடு என்று வாதிட வேண்டும். பழைய ஓவியத்துக்குக்கூட, அதை நல்ல தரத்தில் படமெடுத்த அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டுமோ என்ற குழப்பம் வரும். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடம் 2012இலும் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம் 2013இலும் படங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தது இப்படிப்பட்ட நூல்களுக்குப் பெரிய உதவி. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் தன் லட்சக்கணக்கான படங்களை முழுமையாக விடுவித்தது 2017 பிப்ரவரியில், அதாவது நூல் வந்த பிறகு. விலைக்கு விற்கும் பாடநூலில் இந்தப் பட உரிமைக்கான செலவும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பல பதிப்பகங்களுக்கு அதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. இலவச நூலில் அந்த வேலை ஆசிரியர் தலையிலும் நூலகர் தலையிலும் விழுகிறது.

கணிதம், வேதியியல், கணக்குப்பதிவியல் ஆகிய துறைகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பதிப்பகம் விற்பது புத்தகத்தைவிட வீட்டுப்பாடத் தளத்தைத்தான். பியர்சனின் மைமேத்லேப் போன்றவற்றில் மாணவர் கணக்குப் போட்டதும் சரியா தவறா என்று உடனே சொல்லிவிடும், மதிப்பெண்ணும் தானாக ஏறிவிடும். 40 பேர் கொண்ட நான்கு பிரிவை வைத்திருக்கும் ஆசிரியரிடம் புத்தகம் இலவசம், ஆனால் தாள் நீங்களே திருத்த வேண்டும் என்றால் அவர் எழுந்து போய்விடுவார். அதனால் கணிதக் குழுக்கள் மைஓபன்மேத், வெப்வொர்க் போன்ற இலவசத் தளங்களைத் தேடிப் போயின. முதலாவதை உருவாக்கியவர் வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு சமுதாயக் கல்லூரி ஆசிரியர். இரண்டாவது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தளம் இலவசம், கணக்குகளை உள்ளே ஏற்றும் வேலை இலவசமில்லை. ஒரே கேள்வியில் எண்களை மட்டும் மாற்றி மாணவருக்கு மாணவர் வேறாகத் தர வேண்டும், விடையை எந்த வடிவத்தில் எழுதினாலும் இயந்திரம் ஏற்க வேண்டும், அதற்கு நிரல் எழுத வேண்டும். மானியத்தின் மணிநேரங்கள் அங்கேதான் கரைந்தன.

நம் ஊர் வாசகருக்கு இந்த இடத்தில் என்பிடெல் நினைவுக்கு வரும். 2003இல் மத்திய அரசு நிதியில், ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்ஸியும் சேர்ந்து, சென்னை ஐஐடி முன்னின்று செய்தது. அது ஒரு பாடத்தை நாட்டுக்கே பொதுவாக எடுத்துவைக்கும் வேலை. சிறந்த ஆசிரியர், ஒளிப்பதிவு அறை, நாற்பது விரிவுரை. ஜார்ஜியா மானியம் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட வகுப்பின் வருகைப் பதிவேட்டை. அடுத்த ஆகஸ்டில் வந்து உட்காரப்போகும் 35 பேர் புத்தகத்துக்குக் காசு கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அதன் கவலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் தரம் பார்க்கக் கூடாது.

கணக்கு சரியா?

மிச்சமான தொகை பல கோடி டாலர் என்று திட்டத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. பெரிய எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்படுவது என் வழக்கம். புத்தகத்தின் புது விலையை மாணவர் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது உச்சவரம்பு. பாதிப் பேர் பழைய பிரதி வாங்கியிருப்பார்கள், சிலர் வாடகைக்கு எடுத்திருப்பார்கள், சிலர் நண்பரிடமிருந்து படமெடுத்து ஓட்டியிருப்பார்கள், கணிசமானோர் வாங்கியே இருக்க மாட்டார்கள். உண்மையில் பையில் மிஞ்சியது அதைவிடக் குறைவு. ஆனால் வாங்காமல் விட்டவருக்குக் கிடைத்தது பணமே இல்லை, புத்தகம். அது இந்தப் பெருக்கலில் சரியாகப் பதிவாவதில்லை. ஒரு பக்கம் கூடுகிறது, இன்னொரு பக்கம் குறைகிறது. செலவுக்குப் பல மடங்கு பலன் என்ற முடிவு மட்டும் எப்படிக் கழித்தாலும் நிற்கும். 10,800 டாலர் மானியம், 150 டாலர் புத்தகம், வருடம் 400 மாணவர் என்ற அதே மாதிரிக் கணக்கில், பாதிக்கும் பாதி என்று வைத்தாலும் முதல் வருடமே 15,000.

படிப்பு மேம்பட்டதா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. ஜார்ஜியா பல்கலைக்கழக வகுப்புகளை வைத்து நிக்கோலஸ் கோல்வர்ட், எட்வர்ட் வாட்சன், ஹியோஜின் பார்க் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. ஓபன்ஸ்டாக்ஸ் நூலுக்கு மாறிய பெரிய வகுப்புகளில் 21,822 மாணவர்களின் மதிப்பெண்ணை எடுத்தார்கள். 11,681 பேர் விலைப் புத்தகத்தில் படித்தவர்கள், 10,141 பேர் இலவச நூலில் படித்தவர்கள். மதிப்பெண் ஏறியது, டி-எஃப்-டபிள்யூ விகிதம் இறங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை பெறுபவர்களிடமும் பகுதிநேர மாணவர்களிடமும் முன்னேற்றம் இன்னும் அதிகம். மானியத் திட்டத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

அடுத்த வருடமே குளிர்ந்த தண்ணீர் வந்தது, அதுவும் ஓபன்ஸ்டாக்ஸின் தாய்வீடான ரைஸிலிருந்து. பிலிப் கிரிமால்டி முதலானோர் கேட்ட கேள்வி எளிமையானது. இலவச நூல் உதவுகிறது என்றால், ஏன் உதவுகிறது? முன்பு வாங்க முடியாதவர்களுக்கு இப்போது புத்தகம் கிடைப்பதால். அப்படியானால், ஏற்கெனவே புத்தகம் வைத்திருந்த பெரும்பான்மையினரிடம் ஒரு மாற்றமும் இருக்காது. வகுப்பின் சராசரியை எடுத்தால், அந்தச் சின்னப் பகுதியின் பலன் கூட்டத்தில் கரைந்துவிடும். உண்மையிலேயே பலன் இருந்தாலும் ஆய்வில் தெரியாமல் போக நிறைய வாய்ப்பு. இதைத் திருப்பிப் போட்டால், சராசரியே பெரிதாக ஏறினால் புத்தகம் தவிர வேறு ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதே 2019இல் வர்ஜீனியா கிளின்டனும் ஷஃபாக் கானும் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை, பாடத்தைப் பாதியில் விடுவது மட்டும் இலவச நூல் வகுப்புகளில் குறைவு என்றார்கள்.

வேறு என்ன மாறியிருக்கும் என்பதற்கு ஜார்ஜியாவின் இறுதி அறிக்கைகள் நல்ல துப்பு தருகின்றன என்பது என் ஊகம். மானியம் வாங்கிய ஆசிரியர் புத்தகத்தை மட்டும் மாற்றவில்லை. கற்றல் இலக்குகளைப் புதிதாக எழுதினார், வாரவாரம் என்ன நடத்துகிறோம் என்று மறுபடி யோசித்தார், வினாத்தாளைத் திருத்தினார். பதினைந்து வருடமாகப் பதிப்பகத்தின் அத்தியாய வரிசையிலேயே போய்க்கொண்டிருந்த பாடம் மேசைக்கு வந்தது. மதிப்பெண் ஏறியது அதனால் என்றால், கெட்டிக்காரத்தனமாக 5,000 டாலருக்கு ஓர் ஆசிரியர் பயிற்சி நடந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குழுவில் நான்கைந்து வகுப்பு, முன்னும் பின்னும் ஒவ்வொரு செமஸ்டர் என்ற அளவில் செய்த ஒப்பீடுகளை வைத்து இதை உறுதிசெய்ய முடியாது. ஒரு செமஸ்டரில் காலை எட்டு மணி வகுப்பு, அடுத்ததில் பதினொரு மணி வகுப்பு என்றாலே எண்கள் ஆடிவிடும். டாலரை எண்ணுவதில் காட்டிய கறாரை மதிப்பெண்ணை எண்ணுவதில் காட்டவில்லை.

நடைமுறையில் என்னைக் கவர்ந்த பலன் வேறொன்று. 2018 வாக்கில், பாடப்பிரிவு அட்டவணையிலேயே இந்த வகுப்புக்குப் புத்தகச் செலவு இல்லை, இந்த வகுப்புக்கு 40 டாலர் அல்லது அதற்குக் குறைவு என்று குறியிட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். பதிவு செய்யும்போதே மாணவர் வடிகட்டிப் பார்க்கலாம். ஒரே பாடத்தை மூன்று பேர் நடத்தினால், எதில் கூட்டம் சேரும் என்பது துறைக்கு வெளிச்சமாகிவிடும். மானியம் வாங்காத ஆசிரியர்மீதும் இந்த அழுத்தம் விழுகிறது, அதற்கு ஒரு டாலரும் செலவில்லை.

ஐந்தாம் வருடம்

படிவத்தில் அந்தத் தொடர்ச்சிப் பகுதியைச் சொன்னேன் இல்லையா. ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புகளைச் சரிபார்ப்போம், துறை பார்த்துக்கொள்ளும், புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவோம் என்ற பாணியில் எழுத இடம் கொடுக்கும் பகுதி அது. எழுதுவதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்கென்று ஆளும் இல்லை, மணிநேரமும் இல்லை.

லிப்கைடு வகைதான் முதலில் பழுதாகும். யூடியூப் காணொளியைப் போட்டவர் எடுத்துவிடுவார். அரசு வலைத்தளம் முகவரி மாறும். நூலகம் ஒரு ஆய்விதழ்ச் சந்தாவை நிறுத்தும், வாரம் 6இன் கட்டுரை திறக்காது. குழுத்தலைவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பக்கத்தைத் திருத்தும் கடவுச்சொல்கூட அவரோடு போய்விடலாம். ஜார்ஜியாவில் கல்லூரியே போன கதையும் உண்டு. செலவைக் குறைக்க மாநிலம் கல்லூரிகளை ஒன்றோடு ஒன்று இணைத்துக்கொண்டே வந்தது. 2015இல் சதர்ன் பாலிடெக்னிக் கென்னசாவோடு, 2016இல் ஜார்ஜியா பெரிமீட்டர் ஜார்ஜியா ஸ்டேட்டோடு, 2018இல் ஆர்ம்ஸ்ட்ராங் ஜார்ஜியா சதர்னோடு. இணைந்ததும் இரு துறையின் பாடத்திட்டமும் ஒன்றாக வேண்டும். பெரிய வளாகத்துத் துறைக்கு விருப்பமான பதிப்பகப் புத்தகம் ஒன்று இருந்தால் சின்ன வளாகத்தின் இலவச நூல் கதை அதோடு முடியலாம்.

சேமித்து வைக்கும் இடத்திலும் ஒரு நகைமுரண். தயாரானவற்றைப் பொதுவில் வைக்க கலிலியோ பயன்படுத்திய களஞ்சியம் ஓடியது பீபிரஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் காமன்ஸ் மென்பொருளில். 2017 ஆகஸ்டில் பீபிரஸை எல்சவியர் வாங்கிவிட்டது. பதிப்பக விலையிலிருந்து தப்பிக்க எழுதிய நூல்கள் உலகின் மிகப்பெரிய பதிப்பகங்களில் ஒன்றின் கிடங்கில் போய் உட்கார்ந்தன. உரிமம் திறந்தது என்பதால் பொருளுக்கு ஆபத்தில்லை. எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பிற்பாடு மேனிஃபோல்ட் என்ற திறமூலத் தளத்தில், திரையிலேயே படிக்க வசதியாக நூல்களை ஏற்றத் தொடங்கினார்கள்.

திட்டத்தை நடத்தியவர்கள் இந்த ஓட்டையைப் பார்க்காமல் இல்லை. அதனால்தான் பெரிய மானியத்துக்குப் பக்கத்தில் 4,800 டாலர் வரையிலான சின்ன மானியம் வந்தது. ஏற்கெனவே உள்ள திறந்த நூலைத் திருத்த, அல்லது அதற்கு வினா வங்கி, விரிவுரைப் படவில்லைகள், விடைக் கையேடு போன்றவற்றைச் செய்ய. பதிப்பகங்கள் இவற்றைத்தான் இலவசமாகக் கொடுத்து ஆசிரியரைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதால் இது சரியான இடத்தில் அடித்த அடி. பிறகு தொடர் மேம்பாட்டு மானியம் என்றே ஒரு வகையைத் தனியாக வைத்தார்கள், மூல மானியமும் அஃபோர்டபிள் மெட்டீரியல்ஸ் கிராண்ட்ஸ் என்று பெயர் மாறியது. நூல் எழுதிய அதே குழுதான் திருத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறு கல்லூரிக்காரரும் விண்ணப்பிக்கலாம். தன் பெயர் அட்டையில் இல்லாத புத்தகத்தைத் திருத்த முன்வருகிறவர்கள் குறைவு என்றாலும், வழி இருக்கிறது.

பதவி உயர்வில் இந்த உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதில் இன்னும் தெளிவில்லை. பாடநூல் எழுதுவது ஆராய்ச்சியில் சேராது என்பது பல துறைகளின் பழைய மனப்பான்மை. 2021 அக்டோபரில் அமைப்பின் நிர்வாகக் குழு ஆசிரியர் மதிப்பீட்டு விதிகளை மாற்றியபோது மாணவர் வெற்றிக்கான பணி என்று ஒரு தலைப்பைச் சேர்த்தது. இலவசப் பாடப்பொருள் உருவாக்குவதை அதன்கீழ் காட்டலாம். ஆனால் அதே விதிமாற்றம் நிரந்தரப் பணி பெற்றவர்களை நீக்குவதையும் எளிதாக்கியது. அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 2022 மார்ச்சில் கண்டனத் தீர்மானம் போடும் அளவுக்குப் போயிற்று. அந்தச் சூழலில் புதுத் தலைப்பை ஆசிரியர்கள் சலுகையாகப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது மேசையில் இருக்கும் பெரிய வேலை அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளி மாணவர்களும் பயன்படுத்தும்படி செய்வது. அரசு நிறுவனங்களின் வலைப்பக்கங்கள் டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் இரட்டை ஏ தரத்துக்கு வர வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை 2024 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அதற்குள் வரும். பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பான் படிக்கும்படி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் வேண்டும், காணொளிக்கு வசனம் வேண்டும், படமாக ஒட்டிய சமன்பாடுகளை மறுபடி தட்டச்ச வேண்டும், தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி வைத்தால் போதாது, தலைப்பு என்று குறியிட வேண்டும். 2014, 2015 சுற்றுகளில் தயாரான பிடிஎஃப்களில் எவையெல்லாம் இந்தச் சோதனையில் தேறும், எவற்றைத் திருத்துவது, எவற்றை எடுத்துவிடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஓவிய அறிமுக நூல் மாதிரியானவற்றில் ஒவ்வோர் ஓவியத்துக்கும், அதைப் பார்க்க முடியாதவருக்குப் புரியும்படி நாலு வரி எழுத வேண்டும். அதை எழுதக் கலை தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும், அவருக்கு மறுபடி ஒரு கோடை வேண்டும்.